வெங்காயக் கிடங்கில் போட்டோ பேப்பர்

கீழப்பழுவூரில், மூடிக் கிடந்த ஒரு குச்சி ஐஸ் ஃபேக்டரியின் கதவுக்கு வெளியே நிற்கிறேன். மே மாதக் கடைசி. வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கையில் என் மனைவி கலைச்செல்வியின் செல்போன். அது அடிக்கிறது. திரையில் ‘கரஸ்பாண்டன்ட் சார்’ என்று பெயர் ஓடுகிறது.

கலைச்செல்வி கதவுக்கு அந்தப் பக்கம், பேப்பரைக் கெடுக்காத சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், நாங்களே செய்த போட்டோ பேப்பரோடு இருக்கிறாள். கதவை விரற்கடை திறந்தாலும் உள்ளே காயப்போட்டிருக்கும் அத்தனை தாளும் வீண். போனை உள்ளே கொடுக்கவும் வழியில்லை. அதன் திரை வெளிச்சமே தாள்களைக் கெடுத்துவிடும். எடுக்காமல் விடவும் முடியாது. அவள் திரும்ப வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட்.

பக்கத்தில் என் மச்சான் முருகேசன், கலைச்செல்வியின் தம்பி, காலில் கொதிதண்ணீர் கொட்டினவன் போலக் குதித்துக்கொண்டிருக்கிறான்.

“எடுங்க மாமா. கட்டாயிடப் போவுது.”

“நீயே எடு மாப்ள.”

“நான் வெங்காய யாவாரி. அவரு கெமிஸ்ட்ரில ஏதாச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

போன் கொஞ்சம் அடிக்கட்டும். ‘பெரம்பலூரில் ஒழுங்காக ஸ்டுடியோ வைத்திருந்தவர், பேப்பர் செய்கிறேன் என்று கிளம்பியதாகப் போன வாரம் எழுதினீர்களே, எதற்கு அந்த வேண்டாத வேலை?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

பெட்டியைத் திறந்த புண்ணியவான்

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் என் ஸ்டுடியோ. எல்லாரையும் போல நானும் டிஜிட்டலுக்கு மாறி, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பனிமலை மேல் நிற்கவைத்துப் பிழைத்தவன்தான். ஆனால் பின்கட்டில் இருந்த டார்க் ரூமை மட்டும் கலைக்கவில்லை. அதில் பழைய சாமான் போட்டுக்கொள்ளலாம் என்று கலைச்செல்வி பலமுறை சொல்லிப் பார்த்தாள். நான் காது கொடுக்கவில்லை.

அதற்குப் பலன் கிடைத்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் சின்னப் பிள்ளைகள் திடீரென்று பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுப்பார்கள். கையால் பிரிண்ட் போட ஆள் கிடைக்காது. யாரோ சொல்லி, நெகட்டிவை எனக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. பனிமலையை விட்டுவிட்டு இருட்டறைக்குள் போய்ப் புகுந்துகொண்டேன்.

பேப்பர்தான் பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வந்து சேர்வதற்குள் சுவாமி புறப்பாடே முடிந்துவிடும். அப்படிக் காத்திருந்து வந்த ஒரு பார்சலைப் பிரித்து, முதல் தாளைப் படம் கழுவும் மருந்தில் போட்டேன். கரிக்கட்டையாகக் கறுத்தது. அடுத்த தாளும் அப்படியே. எல்லாம் அப்படியே.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் டேப் புதிதாக ஒட்டியிருந்தது. இருட்டில் மட்டும் திறக்கவும் என்று பெட்டியின் மேல் நாலு மொழியில் போட்டிருந்தது; அதில் நம்மூர் மொழி ஒன்றுகூட இல்லை. வழியில் எங்கோ ஒரு புண்ணியவான் கறுப்பு உறையைப் பிரித்து, தாள்களை வெளியே எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, வெறும் வெள்ளைத் தாள்தான் என்று திருப்தியாகி, திரும்ப அடுக்கி ஒட்டி அனுப்பியிருக்கிறார். அடுக்கியிருந்த அழகுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கலைச்செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“கத்தி முடிச்சிட்டீங்களா? அந்தப் பேப்பர் மேல அப்படி என்னதான் இருக்கு?”

சொன்னேன். ஜெலட்டின், வெள்ளி நைட்ரேட், பொட்டாசியம் புரோமைடு.

“இவ்வளவுதானா? பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் நடத்துறேன். நாமளே செஞ்சா என்னங்க?”

நான் சிரித்துவிட்டேன். கலைச்செல்வி கெமிஸ்ட்ரி டீச்சர். எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள். சிரித்தால் மட்டும் பொறுக்க மாட்டாள். கல்யாணமான புதிதிலிருந்து இது எனக்குத் தெரியும், இருந்தும் சிரித்தேன்.

தேன்குழல் அச்சு

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை வந்தது. சிவப்பு பல்பு வந்தது. டிஸ்டில்டு வாட்டர் வாங்க பேட்டரிக் கடைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து, “வூட்ல எத்தன இன்வெர்ட்டர் சார் வெச்சிருக்கீங்க?” என்று கடைக்காரர் கேட்டார். ஊர்த் தண்ணீர் ஆகாது. நம் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு, வெள்ளி நைட்ரேட்டைக் காட்டினாலே மோர் போல ஆகிவிடும்.

செய்முறை கேட்கச் சுலபம். ஜெலட்டினை ஊறவைத்து, வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். புரோமைடைக் கலந்து, சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிண்ட வேண்டும். பால் போல வெளுக்கும். குளிரவைத்தால் அல்வாப் பதத்துக்கு உறையும். உறைந்ததை இழை இழையாகப் பிழிந்து, ஐஸ் தண்ணீரில் அலசி, திரும்ப உருக்கிப் பேப்பரில் பூச வேண்டும். இழையாகப் பிழிய வெளிநாட்டில் தனி இயந்திரம் உண்டாம். கலைச்செல்வி தேன்குழல் அச்சை எடுத்தாள்.

முதலில் எடுத்தது என் மாமியாரின் பித்தளை அச்சு. பித்தளைக்கும் வெள்ளிக்கும் ஆகாது என்று ஒரு சட்டி மாவு, மன்னிக்கவும், ஒரு சட்டிக் கலவை வீணான பிறகு புரிந்தது. அப்புறம் எவர்சில்வர் அச்சு வாங்கினோம். அந்த வருஷத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தேன்குழல் சுடவில்லை. அச்சு ஓய்வாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள் ஒழுங்காக வந்தது. அதில் கலைச்செல்வியின் படத்தையே பிரிண்ட் போட்டேன். ஓரமெல்லாம் கொப்புளம். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கறை. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன வருஷமா இதப் போர்டுல எழுதி எழுதி அழிச்சிருக்கேன். ஒரு தடவகூட கையால செஞ்சதில்லங்க.”

அவள் குரல் வழக்கம்போல இருக்கவில்லை.

மறுவாரமே பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷ லீவு கேட்டாள். கரஸ்பாண்டன்ட் நல்ல மனிதர். தற்காலிகமாக ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதாகவும், அடுத்த வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்னால் வருவாளா மாட்டாளா என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். அவளும் எனக்கு ஒன்று சொல்லிவைத்தாள்.

“அதுக்குள்ள அடுத்தவங்களுக்குக் கொடுக்குற மாதிரி பேப்பர் வரணும். வரலைன்னா நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பேச்ச நீங்களும் எடுக்கக்கூடாது, நானும் எடுக்க மாட்டேன்.”

மச்சானின் பங்கு

சமையலறையில் உள்ளங்கைப் பேப்பர்தான் செய்யலாம். பெரிய தாளுக்குப் பெரிய இடம் வேண்டும். முருகேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். செட்டிகுளம் சாலையில் அவனுக்குச் சின்ன வெங்காயக் கிடங்கு இருக்கிறது. அதன் பின்னறையில் ஜன்னல் கிடையாது, சுவரும் கனம்.

“வாடகைன்னு வாயத் தெறந்தீங்க, கெட்ட கோவம் வரும் மாமா. இதுல நானும் ஒரு பார்ட்னர்.”

கிரானைட் பலகை போட்டோம். அதன் அடியில் ஐஸ் கட்டி வைத்தோம். பூசிய தாள் உறைய ஒரு மேடை, காய ஒரு கொடி. பூசுகிற கை கலைச்செல்விக்குச் சட்டென்று வசப்பட்டது. தாள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

பேப்பர் நல்லதா கெட்டதா என்று அறிய ஒரு பரிசோதனை உண்டு. வெளிச்சமே படாத ஒரு தாளை எடுத்து மருந்தில் போட வேண்டும். படம் எதுவும் இல்லாததால் அது வெள்ளையாகவே இருக்க வேண்டும். எங்கள் தாள் மருந்தில் விழுந்த கொஞ்ச நேரத்தில் சாம்பல் பூத்தது.

எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று நினைத்தோம். ஓடு, கதவிடுக்கு, சாவித் துவாரம் எல்லாவற்றையும் அடைத்தேன். கசிவைக் கண்டுபிடிக்க முருகேசனை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். வெகு நேரமாகியும் சத்தமில்லை. திறந்து பார்த்தால் சாக்கின் மேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். “அவ்ளோ இருட்டு மாமா. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல, சூப்பர்” என்று சான்றிதழ் கொடுத்தான்.

பல்பை மாற்றினோம். ஜெலட்டினை மாற்றினோம். பிறகு ஒருவர் மேல் ஒருவர் பழி போட ஆரம்பித்தோம். நான் பேசிக்கொண்டே கிண்டுகிறேனாம். அவள் அவசரப்படுகிறாளாம். கார்த்திகை போய், தையும் போய், மாசி வந்தது. தாள் மட்டும் வெளுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கோ படித்த பழங்கதை ஒன்றை கலைச்செல்வி தம்பிக்குச் சொன்னாள். அந்தக் காலத்தில் பிலிம் செய்தவர்களுக்கு ஒரு தடவை பிலிம் மந்தமாகிவிட்டதாம். காரணம் தேடினால், எந்த மாட்டுத் தோலிலிருந்து ஜெலட்டின் எடுத்தார்களோ அந்த மாடுகள் கடுகுச் செடி தின்னாததுதானாம். கடுகில் இருக்கும் கந்தகம் துளி சேர்ந்தால்தான் பிலிமுக்குச் சுறுசுறுப்பு வருமாம். சேர வேண்டியது துளிதான். அளவு கூடினால் எல்லாம் கறுத்துவிடுமாம்.

“மாட்டுத் தீனி வரைக்குமா பாக்கணும்?” என்று வாயைப் பிளந்தான் முருகேசன். நானும் ரசித்துக் கேட்டேன். எங்களைச் சுற்றிக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த மூட்டைகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

வெளியூர்க்காரன் யாராவது அந்தக் கிடங்குக்குள் நுழைந்திருந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்தியிருப்பான். எங்களுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. பெரம்பலூர்க்காரனுக்கு வெங்காயம் என்ன, நாற்றமா? எங்களுக்கு அது காற்று.

கறுத்த கொலுசு

உடையார்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் கலைச்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியம்மா குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

“ஏம்மா, கொலுசு ஏன் இப்புடி அட்டக்கரியாக் கெடக்கு? ஒடம்பு பூரா சூடு. வெந்தயத்த ஊறப் போட்டுக் குடி தாயி.”

எனக்கும் அது சரியாகப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் தினமும் வெந்தயம், மோர், இளநீர். போதாததற்கு எண்ணெய்க் குளியல். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்தவள் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் குடித்தாள். கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்த்தும் பார்த்தாள். கிடங்குக்குப் போய்வந்தால் திரும்பக் கறுத்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். சின்ன வெங்காயச் சாம்பார். மச்சான் தயவில் எங்கள் வீட்டில் அது இல்லாத நாள் கிடையாது. கலைச்செல்வி வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினாள்.

“வெள்ளி எதுலங்க கறுக்கும்?”

“சூட்டுல.”

“கந்தகத்துலங்க! வெங்காயத்துல என்ன இருக்கு?”

அவள் தட்டைப் பார்த்தாள். நானும் என் தட்டைப் பார்த்தேன். சாம்பாரில் வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. கொலுசும் வெள்ளி. எங்கள் பேப்பரில் இருப்பதும் வெள்ளி. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறி, தண்ணீர் குடித்து, திரும்பவும் சிரித்தாள். குடித்த வெந்தயத் தண்ணீரை எல்லாம் என் கணக்கில் எழுதிவிட்டாள்.

முருகேசனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முகம் சுண்டிவிட்டது அவனுக்கு.

“எடம் கொடுத்தவன் வெங்காயத்துமேலயே பழியா? ஊரே திங்குது, ஒருத்தனும் கறுத்துப் போவலியே அக்கா!”

“நிரூபிச்சுக் காட்டுறேன்டா.”

இருட்டில் இரண்டு பிஸ்கட் டின்களில் டின்னுக்கு ஒரு தாளாகப் போட்டாள். ஒன்றில் மட்டும், அவன் கையாலேயே ஒரு வெங்காயத்தை நறுக்கித் தாளின் மேல் வைக்கச் சொன்னாள். மறுநாள் இரண்டையும் மருந்தில் போட்டோம். வெங்காயம் இல்லாத தாளும் சாம்பலாகத்தான் ஆனது. அதுவும் அந்தக் கிடங்கில் பூசிக் காய்ந்ததுதானே. வெங்காயம் இருந்த தாளில் வட்டம் வட்டமாக, வளையத்துக்குள் வளையமாக, நறுக்கிய வெங்காயம் அப்படியே கறுப்பாக எழுந்து வந்தது.

முருகேசன் அதைச் சிவப்பு வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். கோபமெல்லாம் எங்கே போனதோ.

“கேமரா இல்லாம போட்டோ எடுத்துருச்சே அக்கா! இத நான் மண்டிக்கு எடுத்துட்டுப் போறேன்.”

இன்றைக்கும் அவன் கல்லாவுக்குப் பின்னால் அது மாட்டியிருக்கிறது. தன் சரக்கின் வீரியத்துக்கு அதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறான்.

ஐஸ் ரூம்

வெங்காயம் குற்றவாளிதான். ஆனால் அது மட்டும்தானா? எங்கள் கைவேலையிலும் கோளாறு இருந்தால்? அதைக் கண்டுபிடிக்க வெங்காயமே எட்டிப் பார்க்காத இடம் வேண்டும். அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. பள்ளி திறக்க அதிக நாள் இல்லை.

முருகேசன் அலைந்து பிடித்த இடம்தான் கீழப்பழுவூர் ஐஸ் ஃபேக்டரி. சொந்தக்காரர் லூர்துசாமி அண்ணன், ஏலாக்குறிச்சிக்காரர். பாக்கெட் ஐஸ்கிரீம் வந்ததும் குச்சி ஐஸை நிறுத்திவிட்டார். குளிர் அறை மட்டும் கனத்த சுவரோடு அப்படியே இருந்தது. கம்ப்ரசரைத் தட்டி எழுப்பினால் ஓடும்.

“போட்டோ பேப்பரா? அதான் எல்லாரும் செல்லுல புடிச்சிக்கிறாங்களே” என்றார்.

“இது வேற போட்டோங்கண்ணே” என்றேன்.

“வேறன்னா? தல கீழயா தெரியும்?” என்று சிரித்தாரே தவிர, சாவியைக் கொடுத்துவிட்டார்.

ரோட்டில் இரவு பகலாக சிமென்ட் லாரி ஓடுகிற ஊர். தூசி உள்ளே வராமலிருக்க வாசலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். கலைச்செல்வி தம்பிக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டாள். கிடங்குக்குப் போட்டுப்போன சட்டையோடு அவன் வாசற்படி மிதிக்கக்கூடாது. பாவம், வழியில் ஒரு புளியமரத்தடியில் லோடு ஆட்டோவை நிறுத்தி, சட்டை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவான். அங்கே வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் அவன் எங்கோ பெண் பார்க்கப் போகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

கம்ப்ரசர் ஒழுங்காக ஓட வைகாசியாகிவிட்டது. தாள்களைப் பூசிக் காயப்போட்டோம். அவை காய்ந்த நாள்தான் கரஸ்பாண்டன்ட் பதில் கேட்ட நாளும்.

கதவுக்கு இந்தப் பக்கம்

போனை எடுத்தேன்.

“டீச்சர் இருக்காங்களா சார்? இன்னொருத்தங்க இங்கயே உக்காந்திருக்காங்க. டீச்சர் வரலைன்னா இவங்களுக்கு ஆர்டர் கொடுத்துடலாம்னு பாக்குறேன். ஒரு வார்த்த போதும்.”

ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கதவோடு அழுத்தினேன். “கலை! கரஸ்பாண்டன்ட் சார்!”

உள்ளே தட்டில் மருந்து அலம்பும் சத்தம் கேட்டது.

“இப்பதாங்க தாள மருந்துல போட்டேன்” என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் போனால் தெரிந்துவிடும். சாம்பல் என்றால் பள்ளிக்கூடம், வெள்ளை என்றால் பேப்பர். அவள் சொன்ன கணக்குதானே இது? அவரிடம் பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கடத்தலாம் என்று மழை தண்ணி விசாரிக்க வாயெடுத்தேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற டீச்சர் குரலில் அவள் பேசினாள்.

“வணக்கங்க சார். இத்தன நாளு எடத்த வெச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க சார். அவங்களையே போட்டுக்குங்க. நான் வரலைங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா டீச்சர்?”

“யோசிச்சுட்டேங்க சார்.”

அவர் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். நானும் முருகேசனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“மாமா, அக்கா தாளப் பாத்துட்டுத்தானே சொல்லுச்சு?”

நான் கதவைத் தட்டினேன். “கலை, என்னாச்சு? வெள்ளையா, சாம்பலா?”

“இருங்க, இன்னும் நேரம் இருக்கு.”

அவள் எதையும் பார்க்காமல்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கதவை உடைக்கலாம் போலிருந்தது. உடைத்தால் பேப்பர் போய்விடும் என்பதால் நின்றேன். லூர்துசாமி அண்ணன் வந்து என்ன ஏதென்று கேட்டார். கதவைக் கையால் காட்டினேன்.

மிச்சத் தாள்களைக் கறுப்பு உறையில் போட்டு மூடிவிட்டுக் கதவைத் திறந்தபோது அவள் வியர்த்து விறுவிறுத்து நின்றாள், அந்தக் குளிர் அறையிலிருந்து வந்தவள். கையில் தண்ணீர் சொட்டும் தாள். முருகேசன் பாய்ந்து அதைக் குனிந்து பார்த்தான். பின்பக்கமும் பார்த்தான்.

“என்னக்கா, ஒண்ணுமே வரலியே?”

“ஒண்ணுமே வரலடா!” என்று கத்தினாள் கலைச்செல்வி. கண்ணில் தண்ணீர் தளும்பியது. “ஒரு பொட்டு இல்லடா! பாருங்கங்க, வெள்ள வெளேர்னு!”

அந்த ஐஸ் ஃபேக்டரி வாசலில், லாரிப் புழுதிக்கு நடுவே, வெறும் வெள்ளைத் தாளை ஆள் மாற்றி ஆள் கையில் வாங்கிச் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது, அதை மறைக்கத் தோன்றவில்லை. லூர்துசாமி அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?” என்று தாளை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

சாயங்காலம் லோடு ஆட்டோவில் பெரம்பலூர் திரும்பினோம். முருகேசன் ஓட்டினான். நாங்கள் இருவரும் பின்னால், காலி டப்பாக்களோடு. அரியலூர் தாண்டுகிறவரை பொறுத்துப் பார்த்து, கேட்டே விட்டேன்.

“அவசரப்பட்டு வேலைய விட்டியே, தாளு கறுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?”

பறக்கிற முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணக்குத் தெரியாத பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“கறுத்திருந்தா, ஏன் கறுத்துச்சுன்னு நாளைக்கு வந்து பாக்கணும்ல? ஸ்கூல்ல உக்காந்துகிட்டு அத எப்புடிங்க பாக்கறது?”